கத்தரிக்கோல் யார் கையில்?

சீமான்களுக்குச் சோதனைக் காலம் வந்துவிட்டதாம்! செல்வர்களின் ஏடுகள் பக்கம் பக்கமாகக் கண்ணீர் வடிக்கின்றன. விமானத்தின் முன்புறத்திலே, தடித்த திரைச்சீலைக்கு அப்பால், காலை நீட்டிப் படுத்துறங்கிக் கடல் கடக்கிறார்களே கனவான்கள், அவர்களுக்கு அளித்துவந்த வசதிகளை விமானக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தரித்து வருகின்றனவாம்.

செய்தி பொய்யல்ல. எமிரேட்ஸ் கம்பெனி 2019ஆம் ஆண்டில் உயர் வகுப்புக்கென்றே ஒரு குறைந்த கட்டணச் சீட்டை விற்கத் தொடங்கியது. அந்தச் சீட்டை வாங்கியவருக்கு விமான நிலையத்து ஓய்வுக்கூடம் கிடையாது; வீட்டு வாயிலுக்கு வந்து அழைத்துச் செல்லும் காரும் கிடையாது. மறு ஆண்டே கத்தார் ஏர்வேஸ் அதே வழியில் நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பின்லாந்து நாட்டின் பின்னேர், இருக்கை மட்டும் உண்டு, ஓய்வுக்கூடம் இல்லை, பெட்டியை ஒப்படைக்கும் உரிமையும் தனிக்காசு என்று சொல்லிற்று. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024இல், முற்பகலில் புறப்படும் நெடுந்தொலைவு விமானங்களின் உயர் வகுப்புகளிலே பகல் விருந்தை நிறுத்திவிட்டு, காலைச் சிற்றுண்டிக்கும் பகல் உணவுக்கும் நடுவான ஒன்றைப் பரிமாறியது. கனவான்கள் கொதித்தெழுந்தார்கள். சில மாதங்களிலேயே, 2025இன் தொடக்கத்தில், கம்பெனி பணிந்தது, விருந்து திரும்பிற்று.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் நகைக்கக்கூடும். "கஞ்சிக்கு உப்பில்லாதவன் கோடிக்கணக்கில் இருக்கும் உலகத்தில், பாலுக்குச் சர்க்கரை இல்லையென்று அழுகிறவனைப் பற்றி நமது ஏட்டில் எழுதுவானேன்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பட்டுமெத்தையின் பஞ்சு குறைந்ததற்காக ஒப்பாரி வைக்க நாம் வரவில்லை. அந்தப் பஞ்சை எடுத்த கை எது, எடுத்ததை எங்கே கொண்டுபோய் வைத்தது, அதே கை வேறு யார் வீட்டில் எதை எடுத்தது என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம். சீமானின் தட்டிலே விழுந்த கத்தரிக்கோல், அதற்கு முன்பே உழைப்பாளியின் வயிற்றிலே விழுந்துவிட்டது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

வசதி வந்த வழி

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வோம். விமானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் விருந்தோம்பலில் சிறந்து விளங்கின, இப்போது மனம் சுருங்கிவிட்டன என்று பழம்பெருமை பேசுவோர் உண்டு. அந்த நாளிலும் அது மனத்தின் பெருமையல்ல; கணக்கின் கட்டாயம்.

அமெரிக்காவில் 1978 வரை உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசு வாரியமே நிர்ணயித்தது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட வழியில்லாத கம்பெனிகள், உணவிலும் மதுவிலும் இருக்கையிலும் போட்டியிட்டன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தனது பெரிய விமானங்களில் பியானோவே வைத்தது! அதற்கும் முன்னால், 1958இல், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் சிக்கன வகுப்பு பிறந்தபோது, அவ்வகுப்பில் சாண்ட்விச் மட்டுமே தரலாமென்று கம்பெனிகள் தமக்குள் விதி செய்துகொண்டன. ஸ்காண்டிநேவியக் கம்பெனியோ ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியும் மீனும் அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தான் என்றது. அமெரிக்கக் கம்பெனி முறையிட்டது. பன்னாட்டுக் கூட்டமைப்பு விசாரணை நடத்தி, ஸ்காண்டிநேவியக் கம்பெனிக்குத் தண்டம் விதித்தது. ஏழைப் பயணிக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாகக் கொடுத்தது குற்றமாம்! அந்நாளைய விருந்தோம்பலின் இலட்சணம் இது.

1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கட்டணத்தின் கட்டை அவிழ்த்துவிட்டது. கட்டணம் போட்டிக்கு வந்ததும், உபசாரம் செலவுக் கணக்கில் ஏறிற்று. செலவுக் கணக்கில் ஏறியது எதுவோ அது கத்தரிக்கோலுக்கு இரை.

ஒலிவக்காயும் இரட்டைக் கூலியும்

அந்தக் கத்தரிக்கோலின் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்தவர் ராபர்ட் கிராண்டல். முதல் வகுப்பில் பரிமாறப்படும் காய்க்கலவைத் தட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஓர் ஒலிவக்காயை அவர் எடுக்கச் சொன்னாராம். அதனால் கம்பெனிக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சமாயிற்றாம். வணிகக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு இதை இன்றும் ஒரு நீதிக்கதை போலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னே கூர்மை, என்னே சிக்கனம் என்று வியக்கிறார்கள்.

வியக்கட்டும். ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டாமா? அதே மனிதர், அதே கம்பெனியில், அதே பத்தாண்டில் செய்த மற்றொரு காரியம் உண்டு. 1983இல் அந்தக் கம்பெனி இரட்டைக் கூலி முறையைக் கொண்டுவந்தது. பழைய தொழிலாளிக்குப் பழைய ஊதியம். புதிதாக வேலைக்கு வருபவருக்கு அதைவிட மிகக் குறைந்த ஊதியம். ஒரே விமானம், ஒரே சீருடை, ஒரே வேலை. கூலி மட்டும் இரண்டு! நேற்று வந்தவர் உயர்ந்தவர், இன்று வந்தவர் தாழ்ந்தவர் என்று உழைப்பாளர்க்குள்ளேயே ஒரு வருணாசிரமம் வகுக்கப்பட்டது. பிறப்பால் தாழ்வு கற்பித்தவர்களை நாம் அறிவோம். இங்கே வேலைக்குச் சேர்ந்த தேதியால் தாழ்வு கற்பித்தார்கள்.

ஒலிவக்காயின் கதை உலகமெல்லாம் பரவியது. இரட்டைக் கூலியின் கதையோ தொழிற்சங்க அலுவலகங்களின் அலமாரிக்குள்ளே தங்கிவிட்டது. 1993 நவம்பரில் அக்கம்பெனியின் பணிப்பெண்களும் பணியாளரும், சுமார் 21,000 பேர், ஊதியத்துக்காகவும் பணிவிதிகளுக்காகவும் வேலையை நிறுத்தினார்கள். ஐந்து நாள் கழித்துக் குடியரசுத் தலைவர் கிளிண்டனே தலையிட வேண்டியதாயிற்று. தட்டிலிருந்து ஒரு காயை எடுப்பது எளிது. தட்டை ஏந்திவரும் கையை வெட்டுவது அத்தனை எளிதன்று என்பதை அந்த ஐந்து நாட்கள் உணர்த்தின.

திரைக்குப் பின்னால் ஒரு சமையற்கூடம்

தட்டை ஏந்தும் கை பயணியின் கண்ணில் படுகிறது. தட்டை நிரப்பும் கை படுவதில்லை. அந்தக் கைகளின் கதையைக் கேளுங்கள்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கென்று ஒரு சமையற்கூடம் இருந்தது. அதில் உணவு அடுக்கியவர்களில் பெரும்பாலோர் சவுத்தால் பகுதியில் குடியேறிய பஞ்சாபிப் பெண்கள். 1997இல் அந்தச் சமையற்கூடத்தை பிரிட்டிஷ் ஏர்வேஸ் விற்றுவிட்டது. சுவிட்சர்லாந்து விமானக் கம்பெனியின் கேட் குர்மே நிறுவனம் அதை வாங்கியது. 2001இல் அந்த விமானக் கம்பெனி கவிழ்ந்தது. மறு ஆண்டு கேட் குர்மே நிறுவனம் அமெரிக்க முதலீட்டுக் கூட்டம் ஒன்றின் கைக்குப் போயிற்று. சந்தையில் மாடு கைமாறுவதுபோல் சமையற்கூடம் கைமாறிற்று; அதனுள்ளே இருந்த பெண்களும் கணக்கோடு கணக்காகக் கைமாறினார்கள். விமானக் கம்பெனிகளோ உணவுச் செலவைக் குறை, குறை என்று நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது.

2005 ஆகஸ்ட் 10ஆம் நாள். ஆட்குறைப்புப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தற்காலிக ஆட்கள் கொண்டுவரப்பட்டதைக் கண்டு அந்தப் பெண்கள் கூடி நின்று கேள்வி கேட்டார்கள். விடை என்ன தெரியுமா? வேலைநீக்கம்! ஏறத்தாழ 670 பேர்! வெளியே நின்றவர்களுக்கு ஒலிபெருக்கி வழியாக அந்த ஆணை அறிவிக்கப்பட்டது.

மறுநாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப்பணியாளர்கள், பெட்டி தூக்குவோரும் வண்டி ஓட்டுவோரும், வேலையை விட்டு வெளியேறினார்கள். பிறருக்காக வேலைநிறுத்தம் செய்ய அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. இடமில்லையென்று தெரிந்தே செய்தார்கள். வெள்ளைத் தோலும் பழுப்புத் தோலும் அந்த இரண்டு நாள் ஒரே வரிசையில் நின்றன. நூற்றுக்கணக்கான விமானங்கள் முடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தனர். ஒரு சாம்ராஜ்யத்தின் பெயரைத் தாங்கிய கம்பெனி, சப்பாத்தி சுட்ட கைகள் நின்றதால் தரையில் நின்றது.

முடிவு என்ன? வேலை இழந்த அத்தனை பேரும் திரும்ப எடுக்கப்படவில்லை. இங்கேதான் நாம் இரண்டு நிகழ்ச்சிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். பகல் விருந்து குறைந்ததென்று கனவான்கள் முணுமுணுத்தபோது கம்பெனி சில மாதங்களில் பணிந்தது. அதே விருந்தைத் தட்டில் அடுக்கிய பெண்கள் முறையிட்டபோது, "எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? அது ஒப்பந்தக்காரர் விவகாரம்" என்ற சட்டத் திரை நடுவே தொங்கிற்று. விமானத்துக்குள்ளே தொங்கும் திரை துணியாலானது. இந்தத் திரை காகிதத்தாலானது. ஆனால் இதுதான் தடித்தது.

கூரையில்லாத வண்டியின் தத்துவம்

வசதியைக் குறைப்பது வெறும் சிக்கனம் என்று நம்புவோருக்கு, ஒரு பிரெஞ்சுப் பொறியாளரை அறிமுகம் செய்கிறோம். ஜூல் துப்புயி என்பது அவர் பெயர். 1849இலேயே அவர் ஓர் உண்மையை எழுதி வைத்தார். அந்நாளில் ரயிலின் மூன்றாம் வகுப்பு வண்டிகளுக்குக் கூரையில்லை. கூரை போடச் சில்லறைச் செலவுதான். பிறகு ஏன் போடவில்லை? இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க வல்லவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாதே, அதற்காக! ஏழையை நனைய விட்டது ஏழைமேல் கொண்ட பகையால்கூட அல்ல, பணமுள்ளவனை மிரட்டுவதற்காக. ஏழையின் துன்பம், மற்றொருவனுக்குக் காட்டும் பூச்சாண்டியாக்கப்பட்டது.

இன்று நடப்பதும் அதே வித்தைதான். முன்பு கட்டணத்திலேயே அடங்கியிருந்ததைப் பிரித்தெடுத்துத் தனியே விலை வைக்கிறார்கள். 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்றது, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 2023ஆம் ஆண்டில் அமெரிக்க விமானக் கம்பெனிகள் பெட்டிக் கட்டணமாக மட்டும் வசூலித்தது 700 கோடி டாலருக்கு மேல். உட்காரும் இடத்தைத் தேர்ந்துகொள்வதற்கு? 2018 முதல் 2023 வரை ஐந்தே கம்பெனிகள் 1,240 கோடி டாலர் வசூலித்ததாக அந்நாட்டு மேலவையின் விசாரணைக் குழு 2024இல் அறிவித்தது. பின்புறத்தில் பழகிய வித்தையை இப்போது முன்புறத்துக்கும் கொண்டுபோகிறார்கள். திரைக்கு முன்னால் இன்னொரு திரை. சீமானுக்குள்ளே சின்னச் சீமான், பெரிய சீமான். இலாபத்துக்கு நன்றியும் தெரியாது. தன்னை வளர்த்த வர்க்கத்தின் தட்டிலும் அது கை வைக்கும்.

மிச்சம் போன வழி

சரி, இப்படியெல்லாம் மிச்சப்படுத்தியதும் வசூலித்ததும் எங்கே போயிற்று?

உழைத்தவரின் முதுமைக்குப் போயிற்றா? 2005ஆம் ஆண்டில், ஹீத்ரோவில் அந்தப் பெண்கள் தெருவில் நின்ற அதே ஆண்டில், யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் நீதிமன்றத்தின் அனுமதியோடு தன் தொழிலாளரின் ஓய்வூதியப் பொறுப்பைக் கைகழுவியது. பற்றாக்குறை 980 கோடி டாலர். ஓய்வூதியக் காப்பு நிறுவனம் ஒரு பகுதியைத்தான் ஏற்றது. மீதியை இழந்தவர்கள் நரைத்த தொழிலாளர்கள்.

பஞ்சகாலத்துக்கென்று சேமிப்பில் போயிற்றா? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் பெருந்தொற்று வரும் வரை 1,200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிற்று. பங்கு விலை ஏறும், பங்குதாரர் மகிழ்வர், பங்கோடு சேர்த்துச் சம்பளம் பெறும் நிர்வாகிகளும் மகிழ்வர். ஒலிவக்காய் போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. உடனே மக்கள் வரிப்பணத்தின் கதவு தட்டப்பட்டது. பயணி விமானக் கம்பெனிகளின் சம்பளச் செலவுக்கென்று 2,500 கோடி டாலர். பிந்திய இரண்டு தவணைகளையும் சேர்த்தால் 5,400 கோடி. பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத கொடை! தொழிலாளரைக் காக்கத்தானே என்று கேட்பீர்கள். ஆம், அது அவர்களைக் காக்கவே செய்தது. நிபந்தனை இருந்த வரையில். செப்டம்பர் 30ஆம் நாளோடு நிபந்தனை முடிந்தது. அடுத்த நாளே அமெரிக்கன், யுனைடெட் இரண்டு கம்பெனிகளும் 32,000 பேரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பின. அடுத்த தவணைப் பணம் வந்தபிறகே திரும்ப அழைத்தன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது நமது பழமொழி. இலாபம் வந்தால் தனியார். நட்டம் வந்தால் பொதுவுடைமை!

ஆடம்பரம் கொடுத்தவர் கதை

"கத்தரித்தால் குற்றம் என்கிறீர், வாரி வழங்கினால் ஒப்புக்கொள்வீரோ?" என்று ஒரு குறுக்குக் கேள்வி வரலாம். அதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. 2005 மே மாதத்தில் கிங்ஃபிஷர் என்ற விமானக் கம்பெனி பறக்கத் தொடங்கியது. அது எதையும் கத்தரிக்கவில்லை. இருக்கைதோறும் திரைப்படம், முதல் வகுப்பில் அரச உபசாரம்! 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றபோது, பல மாதச் சம்பளம் காணாத விமானிகளும் பொறியாளரும் பணியாளரும் தெருவில் நின்றார்கள். அவர்கள் சம்பளத்தில் பிடித்த வரிகூட அரசுக்குச் சேரவில்லை. ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிகளுக்கு வட்டியோடு சேர வேண்டியது 9,000 கோடி ரூபாய்க்கு மேல். அதிபர் 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் போய்விட்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை!

ஆகவே தோழர்களே, வசதியைக் கொடுத்தாலும் சீட்டு ஒரே முகவரிக்குத்தான் வருகிறது. எடுத்தாலும் அதே முகவரிக்குத்தான் வருகிறது. அந்த முகவரி உழைப்பாளியின் வீடு.

மாற்றாரின் வாதம்

மாற்றார் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. "கட்டுப்பாடு நீங்கியதால்தானே கட்டணம் குறைந்தது? சாமானியனும் பறக்கிறானே!" என்கிறார்கள். விலைவாசியோடு ஒப்பிட்டால் 1978க்குப் பின் அமெரிக்காவில் கட்டணம் குறைந்தது உண்மை. சாமானியன் விமானம் ஏறுவது நமக்கு மகிழ்ச்சியே. வானம் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. ஆனால் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் இயந்திரத்தை வடித்த பொறியாளருக்கும், பெரிய விமானத்தைக் கட்டிய தொழிலாளிக்கும் அந்தக் குறைவில் பங்கில்லையா? இரட்டைக் கூலியும் பறிபோன ஓய்வூதியமும் அந்தக் குறைவில் அடங்கவில்லையா? சாமானியனுக்கு மலிவுச் சீட்டு கொடுக்க, இன்னொரு சாமானியனின் கூலியில் கை வைப்பதுதான் ஒரே வழி என்று எந்த வேதம் சொல்லிற்று?

கதவு மூடும் வரை

கூலியில் கை வைப்பது எவ்வளவு வெளிப்படையாக நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று. வட அமெரிக்காவில் விமானப் பணியாளர்க்குப் பல்லாண்டுகளாகச் சம்பளக் கடிகாரம் ஓடத் தொடங்கியது விமானத்தின் கதவு மூடிய பிறகுதான். பயணியை வரவேற்று, பெட்டியை மேலே தூக்கி வைத்து, முதியவரைக் கைபிடித்து அமர்த்திய நேரமெல்லாம் தருமக் கணக்கு! டெல்டா கம்பெனி 2022இல்தான் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி ஊதியம் தர முன்வந்தது.

2025 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஏர் கனடாவின் பணியாளர்கள், 10,000க்கும் மேற்பட்டோர், இந்த அநீதியை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழிவதற்குள் அரசு தலையிட்டு, வேலைக்குத் திரும்பு என்றது. அவர்கள் திரும்பவில்லை. சட்டவிரோதம் என்றார்கள்; அப்போதும் அசையவில்லை. மூன்றாம் நாள் கடந்து, 19ஆம் தேதி, கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. தரையில் செய்யும் வேலைக்கும் ஊதியம் என்பது அதில் ஏறிற்று. ஊதிய உயர்வு போதாதென்று உறுப்பினர்கள் பின்னர் வாக்களித்ததும் அவர்களுடைய தெளிவையே காட்டுகிறது.

நாம் கேட்பவை நான்கு. பொதுப்பணம் வாங்கும் கம்பெனி, நிபந்தனைத் தேதியோடு வேலையையும் முடித்துவிட முடியாதபடி, தொழிலாளரின் வேலைக்கும் கூலிக்கும் நெடுங்காலப் பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆளென்று சொல்லித் தன் விமானத்துக்குச் சமைப்பவரைக் கம்பெனி கைகழுவக் கூடாது. சீருடை அணிந்து பணியிடம் சேர்ந்த நொடியிலிருந்து சம்பளம் ஓட வேண்டும். பயணிக்குச் சொல்லும் விலை முழு விலையாக இருக்க வேண்டும். முன்புறத்துக் கனவானுக்கும் பின்புறத்து ஏழைக்கும் இந்த நான்காவது கோரிக்கை பொதுவானது என்பதால் நமக்கு வருத்தமில்லை.

நாளை மற்றோர் ஒலிவக்காய் போகும். அதற்கும் தலையங்கம் எழுதப்படும். அதற்கும் கண்ணீர் வடியும். தேநீர்க் கடையிலோ வாசகசாலையிலோ அந்தச் செய்தியைப் படித்து யாரேனும் சிரித்தால், அவரோடு சேர்ந்து நாமும் ஒரு கணம் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் அவரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் காயைத் தட்டில் வைத்த பெண்ணுக்கு இந்த மாதம் சம்பளம் வந்ததா?